பெற்றுக்கொள்ளக் கற்ற எட்டு வியாழன்கள்: எங்கள் பங்கின் மூவொரு இறைவன் வகுப்பு

திருச்சிக்கு அருகே உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கில், 2025ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் (ஈஸ்டர்) மூவொரு இறைவன் பெருவிழாவுக்கும் இடைப்பட்ட எட்டு வியாழக்கிழமைகளில், ஏப்ரல் 24 முதல் ஜூன் 12 வரை, தந்தை, மகன், தூய ஆவியார் என மூவராய் இருக்கும் ஒரே கடவுளாகிய மூவொரு இறைவனைப் பற்றிய மாலை வகுப்புகள் நடந்தன. நேரம் மாலை 6 மணி முதல் 7.30 வரை, இடம் கோவிலை ஒட்டிய சமூகக்கூடம், கட்டணம் 150 ரூபாய். அந்தக் கட்டணத்தில் 64 பக்கக் கையேடும், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் தேநீரும் சுண்டலும் அடக்கம். எட்டு வகுப்புகளிலும் நான் இருந்தேன். தங்கள் பங்கில் இப்படியொன்றைத் தொடங்க எண்ணுகிறவர்களுக்கும், அடுத்த சுற்றில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல இருப்பதால் பங்கின் பெயரையும் நடத்தியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அந்தக் குறைகள் எங்கள் பங்குக்கு மட்டும் உரியவை என்றும் நான் நினைக்கவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சர்வேசுரன் ஒருவர், அவருக்குள் ஆட்கள் மூவர் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்ததை இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பாடம் என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆண்டுதோறும் மூவொரு இறைவன் பெருவிழாவன்று மறையுரையில், இது மனித அறிவுக்கு எட்டாத மறைபொருள் என்று சொல்லப்படும். நாங்களும் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்போம். 1334இல் திருத்தந்தை 22ஆம் யோவான் இந்த விழாவை மேற்கத்தியத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார் என்பது முதல் வகுப்பில் நான் கேட்ட செய்தி. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டாடப்படும் ஒரு விழாவைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியமும் இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

வகுப்பை நடத்தியவர் ஓர் அருட்சகோதரி. மூன்றாம், நான்காம் வாரங்களில் மட்டும் துணைப் பங்குத்தந்தை உடனிருந்தார். தொடக்கத்திலேயே சகோதரி கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஒவ்வொருவரும் வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படியே சிலுவை அடையாளம் வரையச் சொன்னார். பெரும்பாலோர் "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்றோம். சிலர் "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்றார்கள். கடைசி வரிசையில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி, "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே" என்று மெல்லிய குரலில் இழுத்துச் சொன்னார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சகோதரி பாட்டியை முன்னால் அழைத்து மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். தூய ஆவியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் இட்டு நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செபித்ததை எடுத்துச் சொல்லி, "இந்தக் கூடத்தில் மூன்று காலத்துத் தமிழ் இருக்கிறது. மூன்றிலும் பெயர் என்ற சொல் ஒருமையில்தான் இருக்கிறது, கவனித்தீர்களா?" என்று கேட்டார். அறுபது ஆண்டுகளாக நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் விரல் வைத்து வந்த நான், அதுவரை கவனித்திருக்கவில்லை. மூவரைச் சொல்லிவிட்டுப் பெயர்களாலே என்று சொல்லாமல் பெயராலே என்று முடிக்கிறோம். திருமுழுக்கின்போது நம் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டதும் அந்த ஒருமையில்தான்.

இரண்டாம் வகுப்பு உவமைகளைப் பற்றியது. பனிக்கட்டி, தண்ணீர், நீராவி என்ற உவமையை மறைக்கல்வி வகுப்புகளில் நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். ஒரே தண்ணீர் மூன்று வேடம் போடுவதாகச் சொன்னால், தந்தையும் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு இடமில்லாமல் போகும் என்று சகோதரி விளக்கினார். தண்ணீராக இருக்கும்போது அது பனிக்கட்டியாக இருப்பதில்லை. இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றிலோ மகன் நீரில் நிற்க, ஆவியார் புறா வடிவில் இறங்க, தந்தையின் குரல் வானிலிருந்து கேட்கிறது. எந்த உவமையும் ஓரிடம் வரை துணைக்கு வரும், அதற்கு மேல் இறக்கிவிட்டுவிடும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேச முடியும் என்ற அவருடைய எச்சரிக்கை, மறைக்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் தேவையானது. இந்த ஒரு வகுப்புக்காகவே அவர்களை அனுப்பலாம்.

நான் மிகவும் எதிர்பார்த்தது மூன்றாம் வகுப்பை. ஆயர்களின் பேரவையான நிசேயா திருச்சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு அது. 325இல் அந்தச் சங்கம், மகன் ஒரு காலத்தில் இல்லாதிருந்தார், தந்தையால் படைக்கப்பட்டவர் என்று ஆரியு என்ற குரு கற்பித்ததை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் தூய ஆவியாரைப் பற்றிய பகுதியை விரிவாக்கியது. துணைப் பங்குத்தந்தை இதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் "ஒரே பொருளானவர்" என்ற தொடர் வந்ததும், ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர் கையை உயர்த்தி, "சாமி, பொருள்னா இங்க என்ன அர்த்தம்? சாமானா, சொத்தா?" என்று கேட்டார். கூடத்தில் பலருக்கும் அதே ஐயம் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் கேள்விக்குச் சகோதரி சொன்ன பதிலை வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இங்கே பொருள் என்பது கடவுள் எதுவாக இருக்கிறாரோ அது. ஆனாலும் சொத்து என்று நீங்கள் கேட்டதிலிருந்தே தொடங்கலாம் என்றார் அவர். நம் வீடுகளில் தகப்பனுடைய பொருள் பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது? பாகம் பிரித்துப் போகிறது. மூத்தவனுக்குக் கொடுத்தது இளையவனுக்கு இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் தகப்பனிடம் இல்லை. ஆகவேதான் கொடுப்பதற்குப் பயப்படுகிறோம், வாங்குவதற்கு வெட்கப்படுகிறோம், பத்திரப் பதிவு அலுவலக வாசலில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது. தந்தையாகிய கடவுளோ மகனுக்குத் தம்மை முழுவதும் கொடுக்கிறார். அதில் பாகமும் இல்லை, மிச்சமும் இல்லை. கொடுத்தபின் அவரிடம் குறைவும் இல்லை. "தந்தையுடையவை யாவும் என்னுடையவையே" என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்வது அதைத்தான். இதுவும் ஓர் உவமைதான், எங்கே இறங்க வேண்டும் என்று போன வாரம் படித்திருக்கிறீர்கள் என்று சொல்லி முடித்தார். கூறு போட்டுப் பிரிக்கும் பாகத்தையும் தமிழில் பங்கு என்கிறோம். ஒரு கோவிலைச் சுற்றி வாழும் இறைமக்களையும் பங்கு என்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

நான்காம் வகுப்பு புனித பெரிய பசிலியாரைப் பற்றியது. இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவின் ஆயராக 370இல் பொறுப்பேற்றவர் அவர். வழிபாட்டில் தந்தையையும் மகனையும் தூய ஆவியாரோடு சேர்த்து ஒரே மூச்சில் புகழ்ந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டு, அதற்கு விடையாகத் தூய ஆவியாரைப் பற்றிய நூல் ஒன்றையே எழுதினார். இதே பசிலியார்தான் பஞ்சக் காலத்தில் தம் சொத்தை விற்று ஏழைகளுக்கு உணவளித்தவர். நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் பெரியதோர் இல்லத்தை எழுப்பியவர். அவருடைய நண்பர் நசியான்சு நகரப் புனித கிரகோரியார், பசிலியாருக்கு ஆற்றிய இரங்கலுரையில், சற்று வெளியே சென்று அந்தப் புதிய நகரைப் பாருங்கள் என்று அதைச் சுட்டிக்காட்டினார். ஒரு கையால் மூவொரு இறைவனைப் பற்றி எழுதிக்கொண்டு மறு கையால் கஞ்சி ஊற்றியவர் என்று துணைப் பங்குத்தந்தை சொன்னார். நல்ல வாக்கியம்தான். ஆனால் அந்த இரண்டு கைகளையும் இணைக்கும் உடல் எது என்பதை அவர் விளக்காமலே நேரம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒரு சனிக்கிழமை வேன் அமர்த்திக் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்குப் போனோம். வேன் செலவு தனி. ஆளுக்கு 200 ரூபாய். அந்த ஆசிரமத்தின் முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். பெயரே மூவொரு இறைவனைக் குறிப்பதற்காகச் சூட்டப்பட்டது. சத் என்ற இருப்பு தந்தைக்கும், சித் என்ற அறிவு வார்த்தையாகிய மகனுக்கும், ஆனந்தம் தூய ஆவியாருக்குமாகக் கொள்ளப்பட்டது. 1950இல் இதைத் தொடங்கிய இரு பிரெஞ்சுத் துறவியருள் ஒருவரான ஜூல் மொன்ஷானென், 1939இல் இந்தியா வந்து குளித்தலைப் பகுதியில் பங்குப் பணி செய்தவர் என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் பங்குகளைப் போன்ற ஒரு பங்கின் அன்றாடத்திலிருந்துதான் அந்தப் பெயர் வந்திருக்கிறது. கோவில் முகப்பில் சிலுவையிலிருந்து மும்முகம் கொண்ட உருவம் ஒன்று எழுகிறது. மும்மூர்த்தி வடிவத்தை அப்படிக் கையாளலாமா என்று எங்களில் சிலர் மனத்தாங்கலோடு கேட்டார்கள். சகோதரி விவாதத்தை வளர்க்கவில்லை. சிலுவையிலிருந்து எழுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம் என்றார். மேட்டூர் அணை திறக்க நாள்கள் இருந்ததால் காவிரி பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. நண்பகல் செபத்தில் கலந்துகொண்டு, மரநிழலில் அமர்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம். வகுப்பில் வாய் திறக்காத பலர் அன்று வேனில் பேசினார்கள் என்பதால் இந்தப் பயணம் வீண் செலவு அன்று என்பேன்.

ஐந்தாம் வகுப்புதான் இந்தத் தொடரின் உயிர். மகனைப் பற்றி அன்று சகோதரி சொன்னது ஒன்றே ஒன்று. மகனிடம் இருப்பவை எல்லாம் தந்தையிடமிருந்து பெற்றவை; தாமாக வைத்துக்கொண்டது என்று எதுவும் அவரிடம் இல்லை; ஆயினும் அவர் தந்தைக்கு எள்ளளவும் தாழ்ந்தவர் அல்லர். ஆகவே பெற்றுக்கொள்வது கடவுளுக்குள்ளேயே இருக்கிறது. கொடுப்பது கடவுள்தன்மை என்று எல்லாரும் சொல்கிறோம். வாங்கிக்கொள்வதும் கடவுள்தன்மை என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

இரப்பதை இழிவென்றும், கொடுத்தாலும் கொள்ளேன் என்று மறுப்பதை உயர்வென்றும் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தேன் என்று இறப்பு வீட்டில் பெருமையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மாதந்தோறும் எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், சில குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறோம். அந்தக் குடும்பங்களிடமிருந்து நான் எதையாவது பெற்றிருக்கிறேனா என்ற கேள்வி என் மனத்தில் எழுந்ததே இல்லை. அன்று கொடுக்கப்பட்ட வீட்டுப் பயிற்சி இது: உங்கள் அன்பியத்தில் இதுவரை நீங்கள் எதுவும் கேட்டிராத ஒருவரிடம், உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஓர் உதவியைக் கேளுங்கள். சும்மா ஒப்புக்குக் கேட்கக் கூடாது. அவர் மறுத்தால் உங்களுக்குக் கஷ்டம் ஏற்படும் அளவுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும்.

மூன்று நாள்கள் எனக்கு மனம் வரவில்லை. கண்புரைக்காக எனக்குக் கண் பரிசோதனை ஒன்று நிச்சயிக்கப்பட்டிருந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை தெளியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். விடுப்பு எடுத்து வரச் சொல்லலாம் என்றிருந்தேன். நான்காம் நாள் எங்கள் தெருமுனையில் காலையில் இடியாப்பம் விற்கும் பெண்ணிடம் போனேன். கணவரை இழந்தவர், எங்கள் சபையிலிருந்து அரிசி பெறும் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. "ஏம்மா, வர்ற செவ்வாய்க்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? எனக்கு வேற ஆள் இல்ல" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கென்ன டீச்சர், வர்றேன். இதுக்கா இப்படித் தயங்குறீங்க?" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மருந்து விட்டபின் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிட்டது. எதிரே வந்த பேருந்து எனக்கு ஒளியாகத் தெரிந்ததே தவிர வண்டியாகத் தெரியவில்லை. அவர் என் வலது கையைத் தம் இடது கையால் பற்றிச் சாலையைக் கடக்கவைத்தார். அந்த உள்ளங்கையின் ஓரத்தில், பெருவிரலுக்குக் கீழே, சொரசொரப்பான நீண்ட தழும்பு ஒன்று என் விரலில் பட்டது. என்ன என்று கேட்டேன். இடியாப்பக் கொப்பரையின் ஆவி பட்டது, ஆறு வருஷமாச்சு என்றார். ஆறு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை அந்தக் கையில்தான் அரிசிப் பையை வைத்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் எனக்கும் சேர்த்து அவரே பயணச்சீட்டு எடுக்கப் போனார். தடுக்க வாய் வரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டேன். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று நடத்துநர் சொன்ன பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது; சேர்ந்து சிரித்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர் எப்போதும் நிற்கும் தூணருகே நிற்காமல் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம், இந்த வகுப்பின் தரத்தை இதைக் கொண்டே நான் மதிப்பிடுகிறேன். திருப்பலியின் தொடக்கத்தில் குரு, நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் அருளும் கடவுளின் அன்பும் தூய ஆவியின் நட்புறவும் உங்களோடு இருப்பதாக என்று வாழ்த்துகிறார். புனித பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி வரி அது. சண்டையும் கட்சி பிரிதலும் மலிந்திருந்த ஒரு சபைக்கு, கண்டிப்புகள் நிறைந்த கடிதத்தின் முடிவில் எழுதப்பட்ட வரி என்பதை ஏழாம் வகுப்பில் சொன்னார்கள். நட்புறவு என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒன்றில் சேர்ந்து பங்குகொள்ளுதல் என்று பொருள். அரிசி கொடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களுக்கும் எனக்கும் இடையே இரக்கம் இருந்தது. நட்புறவு இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஆறாம் வகுப்பில் ரஷ்ய ஓவியர் அந்திரேய் ருப்லேவ் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த மூவொரு இறைவன் திருவோவியத்தின் அச்சுப் படி வைக்கப்பட்டிருந்தது. விவிலியத்தில் மம்ரே மரங்களின் அருகே ஆபிரகாமைத் தேடி வந்த மூவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருடைய தலையும் மற்றவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பார்ப்பவரின் பக்கம் மட்டும் யாரும் இல்லை. சகோதரி அந்தப் படத்தைச் சுவரில் மாட்டாமல் தரையில் சாய்த்துவைத்து, அதன் முன்னால் ஒரு கோரைப்பாயை விரித்திருந்தார். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றார். முதலில் போய் உட்கார்ந்தவர்கள் குழந்தைகள். எட்டாம் வகுப்பு அனுபவப் பகிர்வு. அதில் பாதி நேரம் நன்றியுரைகளுக்கே போய்விட்டது.

இனிக் குறைகள். கையேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேச்சில் அத்தனை தெளிவாக இருந்த கருத்துகள் அதில் வடமொழியும் மொழிபெயர்ப்பு நடையும் கலந்து இறுகிக் கிடக்கின்றன. எழுத்துப் பிழைகளும் மிகுதி. ஒருவரில் ஒருவர் உறைதல் என்று சகோதரி எளிமையாகச் சொன்ன கருத்து, கையேட்டில் மூன்று வரி நீளக் கூட்டுச்சொல்லாக வருகிறது. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர் தனியே வாசித்துப் புரிந்துகொள்ளும்படி அதை எழுதியிருக்க வேண்டும். ஒலிபெருக்கியும் முதல் மூன்று வாரங்கள் சரியாக வேலை செய்யவில்லை; பின்வரிசை முதியவர்கள் பாதியைத்தான் கேட்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய குறை நேரம். மாலை 6 மணி ஓய்வூதியம் வாங்கும் என் போன்றவர்களுக்கு வசதியானது. வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்களும், கட்டட வேலையிலிருந்து வரும் ஆண்களும், மறுநாள் வியாபாரத்துக்கு மாவு வறுத்துச் சலிக்கும் இடியாப்பக்காரப் பெண்ணும் அந்த நேரத்தில் வர முடியாது. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று தெருக்களைச் சேர்ந்தவர்களாகவே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை முடித்தால் நேர்மையாக இருக்காது. ஏழாம் வகுப்பின் முடிவில், அத்தனாசியார் பெயரால் வழங்கும் நம்பிக்கை அறிக்கையிலிருந்து ஒரு பகுதி விளக்கப்பட்டது: இந்த மூவருள் முந்தியவர் பிந்தியவர் என்பதில்லை, பெரியவர் சிறியவர் என்பதில்லை. உடனே, பொறியியல் படிக்கும் ஓர் இளைஞர் எழுந்து, "அப்படின்னா திருவிழாத் தேர் எங்க தெருவுக்கு மட்டும் ஏன் வர்றதில்ல, சிஸ்டர்?" என்று கேட்டார். கூடம் அமைதியானது. அவர் எந்தத் தெருவைச் சொல்கிறார், ஏன் தேர் அங்கே திரும்புவதில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அது பங்குப் பேரவையில் பேச வேண்டிய விஷயம் என்று பதில் வந்தது. இறுதிச் செபம் தொடங்கியது. அந்த இளைஞர் எட்டாம் வகுப்புக்கு வரவில்லை.

இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் கிறிஸ்தவர்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணத்தையே வெளியிட்டிருக்கிறது. தமிழகத்தில் சில பங்குகளில் கல்லறைத் தோட்டம் வரை பிரிவினை தொடர்ந்து வந்திருக்கிறது என்பது யாருக்கும் புதிய செய்தி அன்று. 1700 ஆண்டுகளுக்கு முன் மகன் தந்தைக்குத் தாழ்ந்தவரா என்ற கேள்விக்காக ஆயர்கள் நெடும்பயணம் செய்து நிசேயாவில் கூடினார்கள் என்று மூன்றாம் வாரத்தில் நெகிழ்ந்து கேட்ட நாங்கள், தாழ்ந்தவர் மேலானவர் என்ற அதே கேள்வி எங்கள் தெருவின் பெயரோடு வந்தபோது எழுந்து நின்று செபம் சொன்னோம். நானும் சொன்னேன். அந்த இளைஞரின் பக்கத்தில் அன்று நான் எழுந்திருக்க வேண்டும். வகுப்பின் மிகச் சிறந்த வாய்ப்பு அந்தக் கேள்விதான். அதை நழுவவிட்டது இந்தத் தொடரின் ஆகப் பெரிய தவறு. பின்னர் நானும் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த இன்னும் நால்வரும், ஆட்டோ ஓட்டும் அந்தச் சகோதரர் உட்பட, தேர் செல்லும் வழியைப் பற்றிப் பங்குப் பேரவைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இளைஞரின் வீட்டுக்குப் போய் அவரிடமும் கையெழுத்துக் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிப்பதற்கு முழு உரிமை உண்டு.

தொடர் முயற்சி என்று எதுவும் திட்டமிடப்படவில்லை என்பது மற்றொரு குறை. மூவொரு இறைவன் பெருவிழாத் திருப்பலியில் எங்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள், அத்தோடு நின்றது. ஐந்தாம் வாரப் பயிற்சியை அன்பியக் கூட்டங்களில் மாதம் ஒருமுறையாவது தொடரலாம். இறைவார்த்தைப் பகிர்வு முடிந்தபின் உதவி தேவைப்படுகிறவர் வாய் திறந்து கேட்கவும், மற்றவர் பொறுப்பேற்கவும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எங்கள் அன்பியத்தில் இதை ஜூலை முதல் செய்து வருகிறோம். முதல் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. இரண்டாவதில் ஒருவர் ஏணி கேட்டார். மூன்றாவதில் ஒரு தாய், கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு விண்ணப்பம் நிரப்ப ஆள் கேட்டார்.

மொத்தத்தில் 150 ரூபாய்க்கு இது நிறைவான வகுப்பு. குடும்பமாகப் போகலாம், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் புரியும். ஏற்கெனவே இறையியல் படித்தவர்களுக்கு முதல் நான்கு வாரங்களில் புதிதாக அதிகம் கிடைக்காது என்றாலும், ஐந்தாம் வாரத்தைத் தவறவிட வேண்டாம். கையேட்டை நம்ப வேண்டாம், குறிப்பேடு கொண்டுபோங்கள். அடுத்த சுற்றை மாலை 7.30க்கு மாற்றும்படி பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேரம் மாறினால் தாமும் வருவதாக இடியாப்பக்காரப் பெண் சொல்லியிருக்கிறார். என் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் காலை, சூடாக ஆறு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். நான் பணப்பையைத் தேடவில்லை; தட்டை வாங்கிக்கொண்டேன்.